பேம் லைப்ரரி: என் கணக்கு மட்டும் உள்ளே போகிறது, மற்ற எல்லாருக்கும் பிழை எண் 7 வருகிறது. ஏன்?

சுழல்மடக்கு

வணக்கம். பல பேர் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு லினக்ஸ் சர்வர். அதில் நாள்கணக்கில் ஓடும் கணக்கீடுகளை அவரவரே பார்க்கவும், நிறுத்தவும், மறுபடி தொடங்கவும் ஒரு சின்ன டீமன் (பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல்) எழுதிக்கொண்டிருக்கிறேன், சி மொழியில். இதற்கென்று தனியாக ஒரு பயனர் பட்டியலும் கடவுச்சொல் பட்டியலும் வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. சர்வரில் ஏற்கனவே இருக்கும் கணக்கும் கடவுச்சொல்லுமே போதும்.

முதல் வடிவத்தில் கெட்எஸ்பிநாம் ஃபங்ஷனால் ஷேடோ கோப்பில் (கடவுச்சொல் ஹாஷ்கள் இருக்கும் கோப்பு) உள்ள பதிவை எடுத்து, அதில் இருக்கும் ஹாஷையே (கடவுச்சொல்லைத் திருப்பி எடுக்க முடியாதபடி மாற்றிய வடிவம்) சால்ட்டாக (ஹாஷ் செய்யும்போது கலக்கும் சரம்) கிரிப்ட் ஃபங்ஷனுக்குக் கொடுத்து, வரும் விடையை எஸ்டிஆர்சிஎம்பி வைத்து ஒப்பிட்டேன். ரூட்டாக, அதாவது எல்லா உரிமையும் உள்ள பயனராக, ஓட்டும்போது ஒழுங்காக இருந்தது. ஆனால் நெட்வொர்க்கில் யார் எதை அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளும் ஒரு நிரலை ரூட்டாகவே ஓடவிட மனசு வரவில்லை. அதனால் டீமனுக்கென்று தனிப் பயனர் ஒன்றை உருவாக்கி, பேம் (PAM) என்ற, பயனரைச் சரிபார்க்கும் பொது லைப்ரரிக்கு மாறினேன். பேம்_ஸ்டார்ட், பேம்_ஆதென்டிகேட், பேம்_எண்ட் இந்த மூன்றை மட்டும்தான் கூப்பிடுகிறேன்.

இப்போது நடப்பது இதுதான். என் கணக்கிலிருந்து நிரலை ஓட்டினால் என் கடவுச்சொல் ஏற்கப்படுகிறது. வேறு யாருடைய பெயரையும் சரியான கடவுச்சொல்லையும் கொடுத்தால் இரண்டு வினாடி போல நின்றுவிட்டு 7 என்று திரும்புகிறது, அதாவது பேம்_ஆத்_எர், சரிபார்ப்பு தோல்வி. டீமனுக்கான தனிப் பயனராக ஓட்டினால் யாருமே உள்ளே வர முடிவதில்லை. ரூட்டாக ஓட்டினால் எல்லாரும் வருகிறார்கள். கூடவே இன்னொரு தொல்லை: உள்நுழைவு சரியாக முடிந்த பிறகும் சில நேரம் "ஃப்ரீ: இன்வேலிட் பாயின்டர்" என்று சொல்லி நிரல் விழுகிறது.

பேம் என்பதே ரூட் இல்லாமல் சரிபார்க்கத்தானே இருக்கிறது என்று நினைத்திருந்தேன். எங்கே இடிக்கிறது?

வேர்வழி

பேம் அதற்காக வந்தது இல்லை நண்பரே, முதலில் அதைத் தெளிவாக்கிவிடுகிறேன். 1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்து இந்த யோசனை வெளிவந்தபோது தீர்க்க நினைத்த சிக்கல் வேறு. லாகின், எஃப்டிபி, எஸ்யூ என்று ஒவ்வொரு நிரலும் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் வழியைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தது. புதிதாக கெர்பரோஸ் போல வேறொரு சரிபார்ப்பு முறை வந்தால் அத்தனை நிரலையும் திருத்த வேண்டியிருந்தது. சரிபார்க்கும் முறையை நிரலிலிருந்து பிரித்து மாட்யூல்களில் போட்டு, எந்த மாட்யூல் எந்த வரிசையில் என்பதை சர்வர் நிர்வாகியின் கையில் கொடுப்பது, அதுதான் நோக்கம். மாட்யூல் உங்கள் நிரலின் உள்ளே, உங்கள் நிரலின் உரிமையோடுதான் ஓடுகிறது. உங்களுக்கு இல்லாத உரிமை லைப்ரரிக்கும் கிடையாது.

அப்படியானால் உங்கள் கணக்கு மட்டும் எப்படிப் போகிறது? பேம்_யூனிக்ஸ் மாட்யூல் தன்னால் ஷேடோ கோப்பைத் திறக்க முடியாதபோது யூனிக்ஸ்_சிஎச்கேபிடபிள்யூடி என்ற ஒரு சின்ன உதவி நிரலை ஃபோர்க் செய்து, அதாவது தனி ப்ராசஸாகப் பிரித்து, ஓட்டுகிறது. டெபியனில் அது ஷேடோ குழுவின் செட்ஜிஐடி பிட்டோடு இருக்கும், ஃபெடோராவில் ரூட்டின் செட்யூஐடி பிட்டோடு இருக்கும், அதாவது யார் ஓட்டினாலும் அந்தக் குழுவின் அல்லது ரூட்டின் உரிமையோடு ஓடும். கடவுச்சொல் ஒரு பைப் வழியாக அதன் ஸ்டாண்டர்ட் இன்புட்டுக்குப் போகிறது. அந்த நிரல் முதலில் தன்னைக் கூப்பிட்டது யார் என்று யூஐடியை (பயனர் எண்) பார்க்கும். ரூட் இல்லையென்றால், கேட்கப்படும் பெயரும் கூப்பிட்டவர் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் மேலே போகும், இல்லையென்றால் பிழைதான். திரைப்பூட்டு போன்ற நிரல்கள் ரூட் இல்லாமலே உங்கள் கடவுச்சொல்லைச் சரிபார்க்க வேண்டும் அல்லவா, அந்த ஒரு தேவைக்காகத்தான் இந்த வழி திறந்திருக்கிறது. அடுத்தவர் கடவுச்சொல்லை சாதாரணப் பயனர் யாரும் ஊகித்து ஊகித்துப் பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பெயர்ச் சோதனை. நேரடியாக டெர்மினலில் அதை ஓட்டிப் பார்த்தால்கூட, தவறான பயன்பாடு என்று லாகில் எழுதிவிட்டு 10 வினாடி தூங்கிய பிறகுதான் வெளியேறும். அவ்வளவு கவனத்தோடு எழுதியிருக்கிறார்கள்.

ஆக நீங்கள் பார்த்த மூன்று விளைவும் சரியானவைதான். தனிப் பயனராக ஓடும் டீமன் கேட்பது எப்போதும் அடுத்தவர் கடவுச்சொல்லை. அந்த இரண்டு வினாடித் தாமதமும் பேம்_யூனிக்ஸ் கேட்டு வாங்குவதுதான், நோடிலே என்று போட்டால் நிற்கும், ஆனால் அதைத் தொடாதீர்கள்.

நேர்வழி88

இதற்கு ஏன் இவ்வளவு சுற்று? டீமனின் பயனரை ஷேடோ குழுவில் சேர்த்துவிட்டு அவருடைய பழைய கெட்எஸ்பிநாம் நிரலையே வைத்துக்கொள்ளலாமே. ரூட்டும் வேண்டாம், பேமும் வேண்டாம், நாற்பது வரியில் வேலை முடிந்தது. உள்ளுக்குள்ளேயே இருக்கும் சர்வருக்கு இது போதும் என்பது என் கருத்து.

வேர்வழி

நேர்வழி, இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஷேடோவைப் படிக்கும் உரிமை உள்ள டீமனில் ஒரே ஒரு பஃபர் பிழை இருந்தால் போதும், சர்வரில் உள்ள அத்தனை பேரின் ஹாஷும், ரூட்டின் ஹாஷும் சேர்த்து, ஒரே மூச்சில் வெளியே போய்விடும். அதற்கப்புறம் தாக்குபவர் நம் சர்வரைத் தொடவே தேவையில்லை, தன் கணினியில் வைத்து ஆற அமர உடைத்துக்கொள்வார், எந்தத் தாமதமும் எந்தப் பூட்டும் அவரைத் தடுக்காது. ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும் ஒரு வழியிடம் கேட்பதற்கும், பட்டியலையே கையில் வைத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். உள்ளுக்குள் இருக்கும் சர்வர் என்பதால் இது மாறப்போவதில்லை.

இன்னொன்று, ஃபெடோரா வகை சிஸ்டங்களில் அந்தக் குழு உரிமை என்ற பேச்சே இல்லை. ஷேடோ கோப்பின் அனுமதி அங்கே 000, ரூட்டின் திறனால்தான் படிக்க முடியும். எனவே உங்கள் வழி டெபியனோடு நின்றுவிடும்.

ஹாஷை நாமே ஒப்பிடுவதிலும் கண்ணி உண்டு. பூட்டிய கணக்குகளில் அந்த இடத்தில் ஆச்சரியக்குறியோ நட்சத்திரக்குறியோ இருக்கும். அது சரியான சால்ட் இல்லை என்பதால், லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியில் 2.17 முதல் கிரிப்ட் நல் பாயின்டரைத் திருப்பும். அதை அப்படியே எஸ்டிஆர்சிஎம்பிக்குக் கொடுத்தால் நிரல் விழும், அந்த வெளியீடு வந்த சமயத்தில் பல நிரல்கள் இப்படி விழுந்தன. $6$ என்று தொடங்கினால் ஷா-512, $ஒய்$ என்றால் யெஸ்கிரிப்ட், டெபியன் 11 முதல் புதுக் கடவுச்சொற்களுக்கு அதுதான் வழக்கம். எங்காவது பழைய 13 எழுத்து டெஸ் ஹாஷ் மிச்சம் இருந்தால் கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்தோடு ஒப்பீடு நின்றுவிடும். ஹாஷ் இடமே காலியாக இருந்தால் கடவுச்சொல் இல்லாத கணக்கு, அதை ஏற்பதா வேண்டாமா என்பது நிர்வாகி முடிவு செய்ய வேண்டியது. பயனர்கள் எல்டேப்பில் (நெட்வொர்க்கில் இருக்கும் பொதுப் பயனர் பட்டியல்) இருந்தால் ஷேடோவில் பதிவே இருக்காது. இத்தனையையும் ஒவ்வொரு நிரலும் தனியே கவனிக்க வேண்டும் என்றால் 1995-க்கு முந்திய நிலைக்கே திரும்பிப் போகிறோம். பைத்தானில்கூட ஸ்பிடபிள்யூடி, கிரிப்ட் இரண்டு மாட்யூல்களையும் 3.13-ல் நீக்கிவிட்டார்கள்.

கண்ணாடிக்குறி

கேட்டவருக்கு: அந்த "இன்வேலிட் பாயின்டர்" பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன். உங்கள் உரையாடல் ஃபங்ஷனில்தான் அது இருக்கும் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன், நிரலைப் பார்க்காமலே.

பேமில் கடவுச்சொல்லை நேரடியாகக் கொடுக்க இடமே கிடையாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். பேம்_ஸ்டார்ட்டுக்கு ஒரு கால்பேக் கொடுக்கிறோம், மாட்யூலுக்கு ஏதாவது தேவைப்பட்டால் அது நம்மைத் திரும்பிக் கூப்பிட்டுக் கேட்கிறது. எத்தனை கேள்வி என்று ஓர் எண், கேள்விகளின் வரிசை, பதில்களை எழுத ஒரு பாயின்டர், நாம் கொடுத்துவைத்த ஆப்டேட்டா பாயின்டர், இவை நான்கும் வரும். பதில் வரிசையையும், அதில் உள்ள ஒவ்வொரு பதில் சரத்தையும் நாம் மேலாக்கில் ஒதுக்க வேண்டும், விடுவிப்பது எதிர்ப்பக்கம், அதாவது கேள்வி கேட்ட மாட்யூல். இங்கேதான் பல பேர் நெட்வொர்க்கிலிருந்து படித்த பஃபரின் முகவரியையே பதிலாகக் கொடுத்துவிடுகிறார்கள். எதிர்ப்பக்கம் அதை ஃப்ரீ செய்யும், அப்போது நீங்கள் சொன்ன செய்தி வரும். எஸ்டிஆர்டியூப் செய்து ஒரு நகலைக் கொடுங்கள், நின்றுவிடும். வரிசையை காலாக்கில் ஒதுக்குங்கள், ரெஸ்ப்_ரெட்கோடு என்ற புலம் பூஜ்யமாக இருக்க வேண்டும், குப்பை எண் இருக்கக்கூடாது. பாதியில் ஏதாவது தோற்றால் அதுவரை ஒதுக்கியதைத் துடைத்து விடுவித்து, பதில் பாயின்டரை நல் ஆக்கிவிட்டு பேம்_கான்வ்_எர் திருப்புங்கள், அது 19.

அதைவிட முக்கியமானது கேள்வியின் வகை. எக்கோ இல்லாத கேள்வி (அடிக்கும் பதில் திரையில் தெரியாது), எக்கோ உள்ள கேள்வி, பிழைச் செய்தி, வெறும் தகவல் என்று நான்கு வகை உண்டு. கடைசி இரண்டுக்கும் பதில் தேவையில்லை, பதில் சரத்தை நல்லாகவே விட்டுவிடலாம், ஆனால் பிழை என்று திருப்பிவிடக் கூடாது. "உங்கள் கடவுச்சொல் இன்னும் சில நாளில் காலாவதியாகும்" என்பதெல்லாம் இந்த வழியில்தான் வரும். எக்கோ இல்லாத எல்லாக் கேள்விக்கும் கண்ணை மூடிக்கொண்டு கடவுச்சொல்லையே கொடுப்பதுதான் நான் அடிக்கடி பார்ப்பது. நிர்வாகி நாளை இரண்டாவது படியாக ஒருமுறைக் குறியீட்டு மாட்யூலைச் சேர்த்தால், அதன் கேள்வியும் எக்கோ இல்லாமல்தான் வரலாம், அதற்கும் கடவுச்சொல் போகும், உள்நுழைவு தோற்கும், ஏன் என்று யாருக்கும் புரியாது. முடிந்தால் உங்கள் நெறிமுறையிலேயே கேள்வியைப் பயனரிடம் அனுப்பிப் பதில் வாங்கும் ஒரு சுற்றை வையுங்கள். எஸ்எஸ்எச்சில் கீபோர்டு-இன்டராக்டிவ் என்ற முறை இருப்பது இதற்காகத்தான். அது இப்போதைக்குப் பெரிய வேலை என்றால், முதல் கேள்விக்கு மட்டும் கடவுச்சொல்லைக் கொடுங்கள், இரண்டாவது வந்தால் கான்வ் பிழை கொடுத்து லாகில் எழுதிவையுங்கள்.

போகிற போக்கில் ஒன்று. நகலைக் கொடுத்த பிறகு உங்கள் பஃபரில் மிச்சமிருக்கும் கடவுச்சொல்லை மெம்செட் வைத்து அழித்தால், அப்புறம் யாரும் அதைப் படிக்கவில்லை என்று கம்பைலர் அந்த வரியையே தூக்கிவிடலாம். எக்ஸ்பிளிசிட்_பிஜீரோ பயன்படுத்துங்கள், ஜிலிப்சியில் 2.25 முதல் இருக்கிறது.

சுழல்மடக்கு

கண்ணாடிக்குறி, நெட்வொர்க் பஃபரின் முகவரிதான் போய்க்கொண்டிருந்தது. எஸ்டிஆர்டியூப் போட்டதும் விழுவது நின்றுவிட்டது, மிக்க நன்றி.

வேர்வழி அண்ணா, காரணம் புரிந்தது. ஆனால் இப்போது இரண்டு பக்கமும் கதவு மூடியிருக்கிறது. ரூட் இல்லாமல் சரிபார்க்க முடியாது, ரூட்டாக நெட்வொர்க்கில் உட்காரவும் கூடாது. கணக்கீட்டை மறுபடி தொடங்கும்போது அது அந்தப் பயனரின் பெயரில் ஓட வேண்டும், அதற்கும் ரூட் வேண்டும். அப்படியானால் எப்படிப் பிரிப்பது?

வேர்வழி

இரண்டு ப்ராசஸாகப் பிரிப்பதுதான் வழி. ஓபன்எஸ்எஸ்எச் 2002-லேயே இப்படி மாறிவிட்டது. தொடங்கும்போது நிரல் ரூட்டாக எழுந்து, சாக்கெட்பேர் (இரண்டு ப்ராசஸ்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் இணைப்பு) ஒன்றைத் திறந்து, ஃபோர்க் செய்கிறது. பிள்ளை உடனே தனிப் பயனராக இறங்கிவிடும், நெட்வொர்க், நெறிமுறை, பாகுபடுத்துதல் எல்லாம் அங்கே. பெற்ற ப்ராசஸ் ரூட்டாகவே இருக்கும், ஆனால் அது நெட்வொர்க்கைத் தொடாது, சாக்கெட்பேரில் வரும் இரண்டு மூன்று வகைக் கோரிக்கைக்கு மட்டும் பதில் சொல்லும்: இந்தப் பெயரும் கடவுச்சொல்லும் சரியா, சரிபார்த்து முடிந்த இந்தப் பயனருக்கு இந்தக் கணக்கீட்டைத் தொடங்கு. நீளத்தை முதலில் படித்து, 512-க்கு மேல் போனால் அங்கேயே நிராகரிக்க வேண்டும். யார் சரிபார்க்கப்பட்டவர் என்ற நினைவு ரூட் பக்கத்தில்தான் இருக்க வேண்டும், பிள்ளை "இவர் சரிபார்க்கப்பட்டவர்" என்று சொன்னால் நம்பக்கூடாது. பிள்ளையை யாராவது கைப்பற்றினால் அவர் முதலில் சொல்லப்போகும் பொய்யே அதுதான்.

சரிபார்ப்பை மட்டும் பிரித்தால் போதும் என்றால் நீங்கள் எழுதவே தேவையில்லை, சைரஸ் சாஸ்ல் என்ற சரிபார்ப்பு லைப்ரரியோடு வரும் சாஸ்ல்ஆத்டி டீமன் அதைத்தான் செய்கிறது. ஒரு யூனிக்ஸ் சாக்கெட்டில் பெயர், கடவுச்சொல், சர்வீஸ், ரெல்ம் என்று நான்கு சரங்களை, ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு பைட் நீளத்தைப் போட்டு அனுப்பினால், ஓகே அல்லது நோ என்று தொடங்கும் பதில் வரும். சாக்கெட் இருக்கும் அடைவின் அனுமதியை வைத்து யார் கேட்கலாம் என்று கட்டுப்படுத்தலாம். ஆனால் உங்களுக்கு வேறு பயனராக ப்ராசஸ் தொடங்கும் வேலையும் இருப்பதால், சொந்தமாக ஒரு ரூட் பக்கம் வைப்பதே பொருத்தம்.

இப்போது உங்கள் மூன்று அழைப்புக்கு வருகிறேன், இதுதான் எனக்கு உண்மையில் கவலை தந்தது. பேம்_ஆதென்டிகேட் வெற்றி என்றால் "இவர் இவர்தான்" என்று மட்டும் அர்த்தம். "இவர் இப்போது உள்ளே வரலாம்" என்று அர்த்தமில்லை. அதற்கு பேம்_அக்ட்_எம்ஜிஎம்டி தனியாக இருக்கிறது. கணக்கு காலாவதி, நேரக் கட்டுப்பாடு, எந்த இடத்திலிருந்து வரலாம் என்ற பட்டியல், நோலாகின் கோப்பு வைத்து ரூட் தவிர யாரையும் விடாமல் நிறுத்துவது, இவையெல்லாம் பெரும்பாலும் அந்தப் படியில்தான் நடக்கும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நிர்வாகி காலாவதியாக்கிவிட்டு நிம்மதியாக இருப்பார், உங்கள் டீமன் மட்டும் அவரைத் தொடர்ந்து உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். இப்போதே சோதித்துப் பாருங்கள்: ஒரு சோதனைக் கணக்கில், காலாவதித் தேதியை மாற்றும் சேஜ் கட்டளையை ஹைஃபன் பெரிய ஈ, 0 என்று கொடுத்து ஓட்டிவிட்டு உள்ளே நுழையுங்கள். இந்த அழைப்பைச் சேர்த்தால் 13, அதாவது கணக்கு காலாவதி, வரும், சேர்க்காவிட்டால் கதவு திறக்கும்.

அதே அழைப்பு 12 திருப்பினால் கணக்கு சரி, கடவுச்சொல்லின் காலம் முடிந்தது, புதிது வைக்க வேண்டும் என்று பொருள். அப்போது பேம்_சிஎச்ஆத்டோக் கூப்பிட வேண்டும். உங்கள் நெறிமுறையில் அதற்கு வசதி இல்லையென்றால் உள்ளே விடாமல், எஸ்எஸ்எச் வழியாகப் போய் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். "கடவுச்சொல் சரிதானே" என்று விட்டுவிட வேண்டாம்.

வேறு பயனராக ப்ராசஸ் தொடங்கும் வரிசையும் முக்கியம். ரூட் உரிமை இருக்கும்போதே முதலில் செட்ஜிஐடி, இனிட்குரூப்ஸ், அதன் பின் பேம்_செட்க்ரெட், ஏனென்றால் சில மாட்யூல்கள் கூடுதல் குழுக்களைச் சேர்க்கும், இனிட்குரூப்ஸைப் பிறகு கூப்பிட்டால் அவை அழிந்துபோகும். அதற்குப் பிறகு பேம்_ஓப்பன்_செஷன், அப்புறம் ஃபோர்க், எல்லாவற்றுக்கும் கடைசியில் பிள்ளையில் செட்யூஐடி. ஒவ்வொன்றின் திரும்பு மதிப்பையும் பாருங்கள், குறிப்பாக செட்யூஐடி, அது தோற்றதைக் கவனிக்காமல் மேலே போனால் பயனரின் நிரல் ரூட்டாக ஓடும். பெற்ற ப்ராசஸ் காத்திருந்து, பிள்ளை முடிந்ததும் பேம்_க்ளோஸ்_செஷன் கூப்பிட வேண்டும். பயனர் பெயரையும் சரிபார்ப்பு முடிந்தபின் பேம்_கெட்_ஐட்டம் வைத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், மாட்யூல் அதை மாற்றியிருக்க இடமுண்டு, நெட்வொர்க்கில் வந்த பெயரை வைத்து கெட்பிடபிள்யூநாம் கூப்பிட்டால் வேறு ஆளாகிவிடும்.

பழைய_யூனிக்ஸ்

எல்லாம் லினக்ஸை வைத்தே போகிறது. நாளை இது வேறு சிஸ்டத்திலும் ஓட வேண்டியிருந்தால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள், அந்த ரூட் பக்கத்தைத் தனிக் கோப்பில் வைத்தால் பிறகு மாற்றுவது சுலபம்.

ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, மேக்ஓஎஸ் மூன்றிலும் ஓபன்பேம் என்ற வேறொரு பேம் லைப்ரரி, அழைப்புகள் கிட்டத்தட்ட அப்படியே. சன்னின் சொலாரிஸ்தான் பேமின் சொந்த ஊர், ஆனால் அங்கே உரையாடல் ஃபங்ஷனுக்கு வரும் கேள்வி வரிசையின் அமைப்பு வேறு. லினக்ஸில் அது பாயின்டர்களின் வரிசை, சொலாரிஸில் ஒரே வரிசையைச் சுட்டும் பாயின்டர். ஒரே ஒரு கேள்வி வரும்வரை இரண்டும் ஒன்றுபோலவே வேலை செய்யும், இரண்டாவது கேள்வி வந்த அன்று நினைவகத்தில் வேறெங்கோ படிக்கும். இதனால்தான் பல வருடம் கண்ணில் படாமல் கிடக்கும்.

ஓபன்பிஎஸ்டியில் பேமே கிடையாது. அங்கே பிஎஸ்டி ஆத் என்ற வேறு முறை. ஆத்_யூசர்ஓகே என்ற ஒரே ஃபங்ஷனுக்குப் பெயர், முறை, வகை, கடவுச்சொல் நான்கையும் கொடுத்தால் போதும், உரையாடல் கால்பேக் வேண்டாம். மாட்யூல்கள் உங்கள் நிரலுக்குள் ஏறுவதும் இல்லை, ஒவ்வொரு முறையும் தனி நிரலாக ஓடி பதிலைச் சொல்லிவிட்டுப் போகும். எனக்கு இந்த அமைப்பு ரொம்பப் பிடிக்கும், ஒரு மாட்யூலின் பிழை என் ப்ராசஸைக் கெடுக்காது. ஆனால் ஒன்றைக் குறித்து வையுங்கள்: பேமில் வெற்றி என்றால் 0, ஆத்_யூசர்ஓகேயில் வெற்றி என்றால் பூஜ்யமல்லாதது. அவசரத்தில் இதை மாற்றிப் போட்டால் தவறான கடவுச்சொல் கொடுத்தவர்கள் எல்லாரும் உள்ளே வருவார்கள், சரியாகக் கொடுத்தவர்கள் வெளியே நிற்பார்கள்.

தனி நிரல் என்பதால் எல்லாம் பாதுகாப்பு என்றும் இருந்துவிட வேண்டாம். 2019 டிசம்பரில் வெளிவந்த ஓட்டை ஒன்று இருக்கிறது. பயனர் பெயர் அந்தத் தனி நிரலுக்குக் கட்டளை வரியில் போகும். பெயருக்குப் பதிலாக ஹைஃபன், எஸ், அதோடு ஒட்டி சேலஞ்ச் என்று கொடுத்தால், அந்த நிரல் அதைப் பெயராக எடுக்காமல் ஒரு தேர்வாக எடுத்துக்கொண்டது. கேட்கப்படுவது கடவுச்சொல் சரிபார்ப்பே இல்லை என்று நினைத்து வெற்றியோடு வெளியேறியது. மெயில் சர்வர் எஸ்எம்டிபிடியில் எந்தக் கடவுச்சொல்லும் இல்லாமல் உள்நுழைய முடிந்தது. உங்கள் ரூட் பக்கத்திலும் பெயர் ஹைஃபனில் தொடங்கினால், அதில் கோலனோ சாய்வுக்கோடோ இருந்தால், லைப்ரரிக்குக் கொடுக்கும் முன்பே தள்ளிவிடுங்கள்.

ஐபிஎம்மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸில் ஆதென்டிகேட் என்றே ஒரு சிஸ்டம் ரொட்டீன் உண்டு. அது கால்பேக்கை எதிர்பார்க்காது. பெயரும் பதிலும் கொடுத்துக் கூப்பிட வேண்டும். இன்னும் ஏதாவது தேவைப்பட்டால் ரீஎன்டர் என்ற மாறியில் பூஜ்யமல்லாத எண்ணையும், அடுத்த கேள்வியை செய்தியாகவும் வைத்துத் திருப்பும். ரீஎன்டர் 0 ஆகும் வரை சுற்றில் கூப்பிட வேண்டும், அதன் பிறகு வரும் மதிப்புதான் கடைசி முடிவு. உள்ளே விடலாமா என்பதற்கு லாகின்ரெஸ்ட்ரிக்ஷன்ஸ், கடவுச்சொல் காலாவதிக்கு பாஸ்வேர்டுஎக்ஸ்பயர்டு என்று அங்கேயும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறார்கள். வேர்வழி சொன்ன அதே பிரிப்பு. நெட்வொர்க் நெறிமுறைக்கு இந்தச் சுற்று அமைப்பு கால்பேக்கைவிட நன்றாகப் பொருந்தும், கேள்வியைப் பயனருக்கு அனுப்பிவிட்டுப் பதில் வரும்வரை ஒரு ஸ்டாக் ஃப்ரேமுக்குள் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

சுழல்மடக்கு

இரண்டு ப்ராசஸாகப் பிரித்து ஒரு வடிவம் ஓடுகிறது. சேஜ் சோதனையும் செய்தேன், 13 வந்து நிராகரித்தது. கேட்க இன்னும் மூன்று இருக்கின்றன. ஒவ்வொரு சர்வீஸுக்குமான பேம் கொள்கைக் கோப்புகள் இருக்கும் பேம்.டி அடைவில் என் டீமனுக்கென்று கோப்பு எதுவும் வைக்கவில்லை, இருந்தும் டெபியனில் வேலை செய்கிறது, அது ஏன்? ஒரே நேரத்தில் பல பேர் வந்தால் த்ரெட் வைக்கலாமா? ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூட்டாக நிறுவித்தான் சோதிக்க வேண்டுமா?

கண்ணாடிக்குறி

கோப்பு இல்லையென்றால் அதர் என்ற கோப்பைப் பார்க்கும். டெபியனில் அது பொதுக் கோப்புகளையே இழுத்துக்கொள்வதால் வேலை செய்கிறது, ஃபெடோராவில் அதே கோப்பு எல்லாவற்றையும் மறுக்கும், அங்கே நிறுவியவர்கள் உங்களிடம் வந்து நிற்பார்கள். எனவே சொந்தக் கோப்போடு வெளியிடுங்கள். பேம்_ஸ்டார்ட்டுக்குக் கொடுக்கும் சர்வீஸ் பெயர் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டதாக இருக்கட்டும். ஆர்க்வி-யின் முதல் உறுப்பிலிருந்து எடுத்தால், நிரலை வேறு பெயரில் ஓட்டுபவர் தனக்கு வசதியான கொள்கையைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்.

த்ரெட் விஷயத்தில், ஒவ்வொரு த்ரெட்டும் தன் சொந்த பேம் ஹேண்டிலை வைத்துக்கொண்டால்தான் பாதுகாப்பு என்று லினக்ஸ்-பேம் கையேடே சொல்கிறது, அதுவும் லைப்ரரிக்கு மட்டும். நிர்வாகி சேர்க்கும் மாட்யூல் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாது. தோல்வியின்போது வரும் இரண்டு வினாடித் தாமதம் ஒரே வரிசையில் நடந்தால் ஒருவர் தவறாக அடித்துக்கொண்டே இருந்து மற்ற எல்லாரையும் நிறுத்திவைக்கலாம். ரூட் பக்கத்தில் ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு ஃபோர்க் செய்யுங்கள், விடையைச் சொல்லிவிட்டு அது செத்துப்போகட்டும், ஒரே சமயத்தில் எத்தனை என்பதற்கு ஓர் உச்சவரம்பும் வையுங்கள். கூப்பிடும் முன் பேம்_செட்_ஐட்டம் மூலம் ஆர்ஹோஸ்ட்டில் பயனர் வந்த முகவரியைப் போடுங்கள், லாகில் எங்கிருந்து வந்த தோல்வி என்று தெரியும், இடத்தைப் பார்த்து முடிவு செய்யும் மாட்யூல்களுக்கும் அது வேண்டும்.

சோதனைக்கு சிவ்ராப் திட்டத்தில் பேம்_ராப்பர் என்று ஒன்று இருக்கிறது, அதை ப்ரீலோடு செய்தால் பேம்.டி-க்குப் பதிலாக நீங்கள் சொல்லும் அடைவைப் பார்க்கும். கூடவே வரும் பேம்_மேட்ரிக்ஸ் மாட்யூலில் போலிப் பயனர்களையும் கடவுச்சொற்களையும் ஒரு சாதாரணக் கோப்பில் எழுதிக்கொள்ளலாம், ரூட்டே தேவையில்லை. கொள்கைக் கோப்பை மட்டும் உண்மையான சிஸ்டத்தில் சோதிக்க பேம்டெஸ்டர் போதும்.

நேர்வழி88

இதில் ஒரு கேள்வி எனக்கும். உள்நுழைவு தோற்றால் காரணத்தைப் பயனருக்குச் சொல்லலாமா? 10 வந்தால் "அப்படி ஒரு பயனர் இல்லை" என்று சொன்னால் பெயரைத் தவறாக அடித்தவருக்கு உதவியாக இருக்குமே.

வேர்வழி

7, 10 இரண்டுக்கும் ஒரே வாக்கியம்தான் வெளியே போக வேண்டும், இல்லையென்றால் எந்தெந்தப் பெயர்கள் இருக்கின்றன என்ற பட்டியலை நீங்களே கொடுத்ததாகிவிடும். பேமில் ரெக்வயர்டு என்று போட்ட மாட்யூல் தோற்றாலும் அடுத்த மாட்யூல்கள் ஓடி முடிந்த பிறகுதான் தோல்வி திரும்புகிறது, எந்த இடத்தில் தோற்றது என்று வெளியே தெரியக்கூடாது என்பதற்காக. இல்லாத பெயர் என்று உங்கள் நிரலிலேயே முன்கூட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பவும் வேண்டாம், தாமதம் இல்லாமல் சட்டென்று வரும் பதிலே காட்டிக்கொடுத்துவிடும், இல்லாத பெயரையும் பேம்_ஆதென்டிகேட் வரை போகவிடுங்கள். 12, 13 இரண்டும் கடவுச்சொல் சரியாக இருந்தவருக்கு மட்டும் வருபவை, அவருக்குக் காரணத்தைச் சொல்வதில் தவறில்லை. பேம்_எஸ்டிஆர்எரர் தரும் முழுச் செய்தி லாகுக்கு மட்டும் போகட்டும். அங்கேயும் பயனர் பெயரை எழுதும் முன் யோசியுங்கள், பெயர்ப் பெட்டியில் கடவுச்சொல்லை அடித்துவிடுபவர்கள் இருக்கிறார்கள், இல்லாத பெயர் என்று வந்தால் அந்தச் சரத்தை லாகில் எழுதாமல் "தெரியாத பயனர்" என்று மட்டும் எழுதி, வந்த முகவரியைச் சேர்த்துவிடுங்கள்.